பொய்ச் சாட்சி சொல்லும் கார்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டு வருடங்களாக அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பார்க்கிறேன். 2007 ஃபியெஸ்டா பௌல் (பருவ முடிவில் நடக்கும் பெரிய போட்டி) ஆட்டத்தின் கடைசிப் பகுதியை யூடியூபில் பார்த்தேன். பாய்சி ஸ்டேட் மூன்று முறை ஏமாற்றி ஓக்லஹோமாவைக் கவிழ்க்கிறது. இவ்வளவு பலிக்கும் தந்திர ஆட்டங்களை அணிகள் ஏன் நாள்தோறும் ஆடுவதில்லை? அல்லது அன்று நடந்தது குருட்டு அதிர்ஷ்டமா? 1982இல் இசைக்குழு மைதானத்துக்குள் புகுந்ததே, அந்தக் கலிஃபோர்னியா–ஸ்டான்ஃபோர்டு ஆட்டமும் இதே வகைதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் சிறு பங்குதான். தந்திரம் பலிப்பதும் அதை அடிக்கடி ஆட முடியாமல் போவதும் ஒரே காரணத்தால்தான்.

தடுப்பவர் பந்தைப் பார்த்து ஓடுவதில்லை. லைன்பேக்கருக்கு (தடுக்கும் அணியின் இரண்டாம் வரிசை வீரர்) எதிரணி கார்டைப் (பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசை வீரர்) பார்க்கச் சொல்லித் தந்திருப்பார்கள். கார்டு தலையைத் தாழ்த்தி முன்னால் முட்டினால் ஓட்டம். நிமிர்ந்து பின்வாங்கினால் வீச்சு. வாரம் முழுக்க இதைத்தான் பழகுகிறார்கள், யோசிக்காமல் கால் நகரும்வரை. தந்திர ஆட்டத்தில் அந்தக் கார்டு பொய்ச் சாட்சி சொல்கிறான். சாட்சியை நம்ப வேண்டுமென்றால் அவன் அதற்கு முன் இருபது முறை உண்மை சொல்லியிருக்க வேண்டும். ஓட்டமே எடுபடாத அணி ஓடுவதுபோல நடித்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

நீங்கள் பார்த்த கடைசித் தந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். கூடுதல் நேரத்தில் ஓக்லஹோமா 42, பாய்சி 41. ஒரு உதை உதைத்துச் சமன் செய்திருக்கலாம். பாய்சி பயிற்சியாளர் கிறிஸ் பீட்டர்சன் அதற்குப் பதில், ஒரே முயற்சியில் பந்தைக் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் எடுக்கும் இரண்டு புள்ளிக்குப் போனார். பந்து கோல் கோட்டிலிருந்து 3 யார்டில். வலப்பக்கம் மூன்று ரிசீவர்கள் (வீச்சைப் பிடிப்பவர்கள்). பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜாரெட் சப்ரான்ஸ்கி பின்வாங்கி, அவர்கள் பக்கம் வலக்கையை ஓங்குகிறார். அந்தக் கை வெறுங்கை. பந்து இடக்கையில், முதுகுக்குப் பின்னால். பந்தோடு ஓடுபவரான இயன் ஜான்சன் அதை வாங்கிக்கொண்டு இடப்பக்கம் ஓடுகிறார்; அங்கே தடுக்க ஆளில்லை. 43–42.

'சுதந்திரதேவி சிலை' என்று பெயர் பெற்ற மிகப் பழைய உத்தி இது. இதில் கெடக்கூடிய இடங்கள் பல. ஓடுபவர் ஒரு கணம் தயங்கி நிற்க வேண்டும், குவார்ட்டர்பேக்கைக் காக்க நிற்பதுபோல. சீக்கிரம் கிளம்பினால் லைன்பேக்கர் பார்த்துவிடுவார்; தாமதித்தால் பாய்ந்து வரும் தடுப்பாளர் ஓங்கிய கையையே பிடித்துவிடுவார். பந்து ஒற்றைக் கையில் இருப்பதால் லேசான இடிக்கே நழுவும். கொடுக்கும்போது குவார்ட்டர்பேக் குனிந்து பார்க்கவே கூடாது. அவர் கண் வலப்பக்கம் இருக்கும்வரைதான் தடுப்பாளர்களும் வலப்பக்கம் சாய்வார்கள். வலப்பக்க ரிசீவர்கள் பந்து வரப்போவதுபோலவே அசைய வேண்டும். அவர்களில் ஒருவர் சோம்பினாலும் ஆட்டம் போச்சு. என் கணக்கில் அன்றைய வெற்றியில் பாதி அந்த மூவருடையது.

அதற்கு முன் நடந்தது இன்னும் கடினம். வழக்கமான நேரத்தில் 18 விநாடி மிச்சம், நான்காவது டவுன் (முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி), 18 யார்டு தேவை, பந்து நடுக்கோட்டில், ஏழு புள்ளி பின்னடைவு. டிரிசான் ஜேம்ஸ் சுமார் 15 யார்டு தள்ளிப் பந்தைப் பிடிக்கிறார். பிடித்த இடம் முதல் டவுனுக்கே (புதிதாக நான்கு முயற்சி பெறுவதற்கே) போதாது. தடுப்பாளர்கள் அவரை மொய்க்கிறார்கள். எதிர்த்திசையிலிருந்து முழுவேகத்தில் வரும் ஜெரார்ட் ராபிடம் பந்தைத் தள்ளுகிறார். ராப் 35 யார்டு ஓடி டச்டவுன் (பந்தைக் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பது). மிச்சம் 7 விநாடி.

விதி இங்கே கண்டிப்பானது. ஆட்டம் தொடங்கும் கோடான லைனைத் தாண்டியபின் பந்து பின்னோக்கியோ நேர்ப்பக்கவாட்டிலோதான் போகலாம். வாங்க வருபவர் ஒரு எட்டு முந்தினால்கூட அது சட்டவிரோத முன்வீச்சு: 5 யார்டு தண்டனை, டவுனும் போகும். அதனால் ஒன்றிரண்டு யார்டு பின்னால் வரும்படிதான் பழக்குவார்கள். தள்ளுபவர் தடுப்பாளர் நெருங்கும்வரை பொறுக்க வேண்டும். முன்கூட்டியே தள்ளினால் தடுப்பாளர் அடுத்தவரைத் துரத்தப் போய்விடுவார்.

பின்வீச்சின் ஆபத்து இன்னொன்றும் உண்டு. முன்வீச்சு தரையில் விழுந்தால் ஆட்டம் அங்கேயே நிற்கும். பின்வீச்சு விழுந்தால் பந்து உயிரோடு கிடக்கும், எதிரணியும் எடுக்கலாம். இரட்டை வீச்சு (பின்வீச்சை வாங்கியவரே அடுத்து முன்வீச்சு வீசும் தந்திரம்) ஆடுபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். முதல் வீச்சு கொஞ்சம் முன்னால் போனாலும் இரண்டாவது செல்லாது. வாங்குபவரை இரண்டு மூன்று யார்டு பின்னால் நிறுத்துவதே புத்திசாலித்தனம். வீசப்போகிறவர் வலக்கைக்காரர் என்றால் வலப்பக்கம் ஓடவிடுங்கள். இடப்பக்கம் ஓடினால் வீசுவதற்குத் தோளைத் திருப்ப வேண்டும், அந்த நேரத்தில் கடைசி வரிசைத் தடுப்பாளரான சேஃப்டி வந்துவிடுவார்.

கார்டு முதலான முன்வரிசை லைன்மேன்களுக்கும் ஒரு தர்மசங்கடம். ஓட்டம்போல முட்டி நடிக்க வேண்டும், ஆனால் பந்து லைனைத் தாண்டிப் போகும் வீச்சு என்றால், அது வீசுபவர் கையை விடும்வரை அவர்கள் 3 யார்டுக்கு மேல் முன்னேறக் கூடாது. தொழில்முறை ஆட்டத்தில் இது 1 யார்டுதான். கல்லூரி ஆட்டத்தில் தந்திரம் அதிகம் செழிக்க இந்த இரண்டு யார்டு ஒரு காரணம். மைதானக் குறிகள் இன்னொரு காரணம். அகலம் 160 அடி. கல்லூரி மைதானத்தில் ஹாஷ் குறிகள் (ஆட்டம் தொடங்கப் பந்தை வைக்கும் இடத்தின் இரு எல்லைகள்) ஒவ்வொன்றும் பக்கக்கோட்டிலிருந்து 60 அடி. பந்து ஒரு ஹாஷில் வைக்கப்பட்டால் மறுபக்கம் 100 அடி திறந்து கிடக்கும். தொழில்முறையில் குறிகள் நடுவை ஒட்டியிருப்பதால் இந்த வாய்ப்பு குறைவு.

எல்லா ஏமாற்றும் செல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1984 ஆரஞ்சு பௌலில் நெப்ராஸ்காவின் குவார்ட்டர்பேக் டர்னர் கில் பந்தை வேண்டுமென்றே தரையில் வைத்தார். கார்டு டீன் ஸ்டைன்கூலர் அதை எடுத்து 19 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். நெப்ராஸ்கா 31–30 என்று மயாமியிடம் தோற்றது வேறு கதை. அப்படித் திட்டமிட்டுப் பந்தைத் தரையில் விடுவதைப் பிறகு கல்லூரி விதிகள் தடைசெய்தன. ஆட்டக்காரர் மாற்றம் நடப்பதுபோல நடித்து ஆளை ஒளிப்பதும் கூடாது. விதிக்குள் அடங்கும் விசித்திரங்களைப் பயிற்சியாளர்கள் ஆட்டத்துக்கு முன்பே நடுவர்களிடம் சொல்லிவைப்பது வழக்கம். இல்லையென்றால் குழம்பிப்போய் நடுவரே விசில் அடித்துவிடுவார்!

அடிக்கடி ஆடாததற்கு இன்னொரு காரணம் பயிற்சி நேரம். கல்லூரி வீரர்களுக்குப் பருவத்தில் வாரம் 20 மணிநேரம்தான் அனுமதி. அதில் ஒரு தந்திரத்துக்கு ஒதுக்கும் ஒவ்வொரு நிமிடமும் அன்றாட ஆட்டத்திலிருந்து பிடுங்கியது. ஒருமுறை ஆடிவிட்டால் அது காணொளியில் பதிவாகிவிடும், அடுத்த எதிரணி அதைப் பார்த்துத் தயாராகிவிடும்.

1982 கேள்விக்கு: இல்லை, அது தந்திர ஆட்டம் இல்லை. 4 விநாடி மிச்சமிருக்கையில் ஸ்டான்ஃபோர்டு உதைத்த பந்தைக் கலிஃபோர்னியா வீரர்கள் ஐந்து முறை பின்வீசி, இசைக்குழுவுக்கு நடுவே ஓடி 25–20 என்று வென்றார்கள். திட்டம் எதுவும் கிடையாது. கையில் பந்து இருந்தவர் பிடிபடப்போகும்போது பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினார், அவ்வளவே. கடைசி வீச்சு முன்னால் போனதா இல்லையா என்று கேட்டால், பதில் நீங்கள் கலிஃபோர்னியா அணியின் ஊரான பெர்க்லியில் நிற்கிறீர்களா ஸ்டான்ஃபோர்டில் நிற்கிறீர்களா என்பதைப் பொறுத்தது.