பானையை வெளியே எடுத்து வையுங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் இருக்கிறேன். எங்கள் சங்கம் சின்னது. முப்பது, முப்பத்தைந்து குடும்பங்கள், சனிக்கிழமை வெர்னாக் என்கிற தமிழ் வகுப்பு, ஆடியில் கூழ், தையில் பொங்கல், அவ்வளவுதான். பொங்கலை இத்தனை வருடமும் ஹாலுக்குள்ளேயே கேஸ் அடுப்பில் வைத்துவிட்டோம். இந்த முறை வார்டு கவுன்சிலரைப் பார்த்தபோது, பக்கத்துப் பார்க்கைத் தருகிறோம், ஆனால் கயிறு கட்டி மறிக்கக் கூடாது, யார் வந்தாலும் வரட்டும் என்றார். அன்றிலிருந்து கமிட்டியில் சண்டை. "நம் பாட்டன் காசு போட்டுக் கட்டின ஹால் இருக்க, பார்க் எதற்கு? 2021 ஜூலைக் கலவரத்தை மறந்துவிட்டீர்களா?" என்கிறார்கள் பெரியவர்கள். பிள்ளைகள் பார்க் என்றால்தான் வருவோம் என்கிறார்கள். எனக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. எல்லாருக்கும் பொதுவான விழா என்று ஆக்கினால், கடைசியில் ஐந்து நிமிடம் பரதநாட்டியம், ஒரு தட்டு சமோசா என்று நாம் சுருங்கிப்போக மாட்டோமா? இந்த நாட்டின் அரசியல் சாசனத்திலேயே தமிழின் பெயர் இருக்கிறது. நமக்கென்று தனியாக ஓர் இடம் வைத்துக்கொள்வது தப்பா?

எம்., ஃபீனிக்ஸ்

அன்புள்ள தம்பிக்கு,

தப்பில்லை. சாசனத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்ன விஷயம். 1996 சாசனத்தின் ஆறாம் பிரிவில் தமிழ் இருப்பது உண்மைதான். ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, இந்தி, போர்த்துகீசியம், தமிழ், தெலுங்கு, உருது என்று வரிசையில் ஒன்றாக இருக்கிறது. இந்த மொழிகளுக்கு மதிப்புக் கிடைக்கும்படி மொழி வாரியம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதில் உள்ள செய்தி. என் வகுப்பில் அந்தப் பக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன், கண் விரியப் பார்ப்பார்கள். ஆனால் ஹாலா பார்க்கா என்று அது சொல்லாது. அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஹாலைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நான் கல்யாணம் ஆகி இங்கே வந்தவள், அவர்கள் இங்கேயே பிறந்து அடிபட்டவர்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோடு இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை அப்படி வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடிந்த கையோடு அவர்கள் கட்டியது கோயில். உம்பிலோ ஆற்றங்கரைக் கோயிலை 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, பிறகு கேட்டோ மேனரில் திரும்ப எழுப்பினார்கள். அப்புறம் பள்ளிக்கூடம், ஹால், எல்லாமே வீடு வீடாகப் போய் வசூல் செய்துதான். 1950இல் குடியிருப்புப் பிரிப்புச் சட்டம் வந்து கேட்டோ மேனரைக் காலி செய்து, சாட்ஸ்வொர்த்துக்கும் பிற்பாடு உங்கள் ஃபீனிக்ஸுக்கும் ஆட்களை ஏற்றி அனுப்பினார்கள். கோயில் அங்கேயே நின்றது, கும்பிடுகிறவர்கள் பஸ் பிடித்துப் போனார்கள். என் மாமியார் அப்படிப் போனவர். பிரசாதத் தூக்கைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிய கதையை நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

1953இல் இன்னொரு சட்டம். பார்க், பெஞ்சு, கடற்கரை, கக்கூஸ், எல்லாவற்றையும் இனவாரியாகப் பிரிக்கலாம், பிரித்ததெல்லாம் ஒரே தரத்தில் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்று கூச்சமே இல்லாமல் எழுதிவைத்தார்கள். அது நீக்கப்பட்டது 1990இல். நடுவே முப்பத்தேழு வருடம். ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்று, பார்க்கில் காலாற உட்காராமலே தலை நரைத்துப்போக அது போதும். அதனால் கல்யாணம், கருமாதிக் கூட்டம், நாடகம், சீட்டுக்கட்டு என்று எல்லாம் ஹாலுக்குள் வந்து சேர்ந்தது. இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று பெயர் வாங்கிய நம் தெருக்கூத்து இருக்கிறதே, அதற்குக்கூடத் தெரு கிடைக்கவில்லை, கோயில் வளாகத்துக்குள்தான் விடிய விடிய ஆடினார்கள்.

எனவே ஹால் நம் கலாசாரம் இல்லை தம்பி, ஹால் நமக்கு நேர்ந்தது. அதை மதிக்கலாம், பூசி வெள்ளையடித்துப் பாதுகாக்கலாம், மழைக்கு ஒதுங்கலாம். ஆனால் பொங்கல் வாசலில் வைக்கிற பண்டிகை. கூரைக்குக் கீழே கேஸ் அடுப்பில் பால் பொங்கும்போது டியூப் லைட்டைப் பார்த்து "பொங்கலோ பொங்கல்" என்று கத்துவதை நானும் பத்து வருடம் செய்திருக்கிறேன், சிரிப்பாகத்தான் இருக்கும். (இங்கே தை நடுக் கோடை. உத்தராயணம் என்று நாம் கொண்டாடுகிற சூரியன் நம்மை விட்டு வடக்கே கிளம்பிப் போய்க்கொண்டிருக்கிறது. போகிறவருக்கு வழியனுப்பு விழா வைப்பவர்கள் உலகத்திலேயே நாமும் இன்னும் சில தென்கோளத் தமிழர்களும்தான்.)

சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் சில்வர்கிளென் காப்பகம் தெரியும்தானே? அங்கே மாநகராட்சி ஒரு மூலிகை நாற்றங்கால் நடத்துகிறது. இந்த மண்ணின் ஸூலு வைத்தியர்கள் பயன்படுத்தும் செடிகளைக் காட்டிலிருந்து தோண்டித் தீர்த்துவிடாமல் இருக்க, நாற்று வளர்த்துக் கொடுக்கிற இடம். இந்தியருக்கென்று ஒதுக்கிய ஊருக்குள் ஸூலு மருந்துத் தோட்டம். அந்தப் பக்கத்துப் பார்க் ஒன்றில்தான் மூன்று வருடத்துக்கு முன் எங்கள் வகுப்புப் பிள்ளைகளோடு முதல்முதலாக வெளியே பொங்கல் வைத்தோம். முந்தின இரவு மழை. விறகு நனைந்து, மூன்று செங்கல்லுக்கு நடுவே புகை மட்டும் வருகிறது. அப்பாமார்கள் நாலு பேர் மாறி மாறி ஊதுகிறார்கள், ஒருவர் பிரை (வெட்டவெளியில் கறி சுடுவது) போடுகிற தீப்பற்றிக் கட்டிகளை வாங்கக் கடைக்கே ஓடிவிட்டார். பார்க்கைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு ஸூலு அம்மா, பச்சைச் சீருடை, அறுபது வயது இருக்கும், துடைப்பத்தை மரத்தில் சாத்திவிட்டு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. செங்கல் ஒன்றைக் காலால் தள்ளிக் காற்று வருகிற பக்கம் அடுப்புக்கு வாய் வைத்தார், அடியில் கிடந்த பெரிய கட்டைகளை உருவினார், சுள்ளியைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினார். இரண்டே நிமிடம், தீ பிடித்துக்கொண்டது. விறகடுப்பு அவர் வீட்டில் போன வாரம் வரைக்கும் எரிந்திருக்கும், எங்களுக்கோ அது பாட்டி காலத்துச் சங்கதி.

அப்புறம்தான் பானைக் கழுத்தில் கட்டியிருந்த மஞ்சள் கொத்தைப் பார்த்தார். கிழங்கை நகத்தால் சுரண்டி முகர்ந்துவிட்டு "இண்டுங்குலு?" என்றார். இண்டுங்குலு அவர்களுடைய காட்டு இஞ்சி. சளி, இருமலுக்குக் கிழங்கை மென்று தின்பார்கள், அதுவும் இஞ்சி, மஞ்சள் குடும்பம்தான். இது அதற்கு அக்காள் என்று என் அரைகுறை ஸூலுவில் சொல்லிவைத்தேன், புரிந்ததோ இல்லையோ தலையாட்டினார். பால் பொங்கி வழிந்தது, பிள்ளைகள் கத்தினார்கள், அந்த அம்மா நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டார் பாருங்கள்! அவர்கள் கல்யாணத்தில் போடுவது. என் ஊரில் என் ஆச்சி பொங்கலுக்குப் போட்ட குலவைக்கும் அதற்கும் நூலளவுதான் வித்தியாசம். பதிலுக்கு நானும் போடப் பார்த்தேன், புகை தொண்டைக்குள் போய் இருமல்தான் வந்தது.

நீங்கள் பயப்படுகிற சமோசாத் தட்டு விஷயத்துக்கு என் பதில் இந்த அடுப்புதான். செப்டம்பர் 24 ஹெரிட்டேஜ் டே மேடைகளை நானும் பார்த்துச் சலித்தவள். கம்பூட் ஆட்டம், பைப் வாத்தியம், நம் பரதநாட்டியம், ஆளுக்கு ஐந்து நிமிடம், மூன்றாவது வரிசைக்குப் பின்னால் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுருக்குவது பக்கத்து வீட்டுக்காரர் இல்லை, மேடைதான். எனவே மேடை போடாதீர்கள். மைக்கும் வேண்டாம், மைக் இருந்தால் கவுன்சிலர் பேசுவார். பானையை வையுங்கள், ஹாலில் என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள், ஒன்றையும் யாருக்காகவும் குறைக்க வேண்டாம், விளக்கவுரையும் வேண்டாம். கேட்கிறவருக்குச் சொன்னால் போதும். புதுப் பயிரைச் சாமிக்குக் காட்டிவிட்டுத் தின்பது ஸூலுக்காரருக்குப் புதிதில்லை. வருடக் கடைசியில் ராஜா முதல் விளைச்சலைச் சுவைக்கிற உம்கோசி வொக்வேஷ்வாமா விழா அவர்களுக்கு இருக்கிறது. அதில் இளவட்டங்கள் வெறுங்கையால் காளையை அடக்கிக் கொல்வதை எதிர்த்து 2009இல் விலங்கு நல அமைப்பு ஒன்று கோர்ட்டுக்குப் போய்த் தோற்றது. ஜல்லிக்கட்டுச் சண்டையைப் பார்த்த நமக்கு இதை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டாம்.

2021 ஜூலை. மறக்கச் சொல்ல மாட்டேன், எங்கள் தெருமுனையிலும் டயரைப் போட்டு மறித்து ராத்திரி முழுக்க ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஸூலுக்காரருக்கும் நம்மவருக்கும் மூண்ட 1949 ஜனவரிக் கலவரத்தில் 142 பேர் செத்ததும் பெரியவர்கள் வீட்டில் கேட்டு வளர்ந்த கதைதான். ஆனால் அந்த ஜூலையில் உங்கள் ஃபீனிக்ஸில் செத்த 36 பேரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்பதையும் அதே கமிட்டிக் கூட்டத்தில் யாராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும். உங்கள் பார்க்கைத் தாண்டி டாக்சி ஏறப் போகிறவர்களுக்கும் நம்மைப் பார்த்தால் பயம் இருக்கும். நான் சொல்கிறேன் என்று கோபிக்காதீர்கள், பெரியவர்கள் இதைக் கேட்டால் முகம் சுருங்கும், சுருங்கட்டும். அவர்களிடம் வார்விக் அதிகாலைச் சந்தையையும் ஞாபகப்படுத்துங்கள். 2009இல் அதை இடித்து மால் கட்டப் பார்த்தபோது, தலைமுறை தலைமுறையாகக் காய்கறி விற்கும் நம்மவர்களும் தள்ளுவண்டி இழுக்கும் ஸூலுக்காரர்களும் ஒரே பக்கம்தான் நின்றார்கள். சந்தை இன்றைக்கும் இருக்கிறது, உங்கள் கமிட்டிக்கும் கத்தரிக்காய் அங்கிருந்துதான் வருகிறது.

பெரியவர்களை வரவழைக்க நான் கண்ட வழி ஒன்றுதான்: மரத்தடியில் துனி என்கிற சீட்டாட்டத்துக்கு இரண்டு மேசை. ஜாக் முப்பது, ஒன்பது இருபது என்று அவர்கள் கத்த ஆரம்பித்துவிட்டால் பாதுகாப்பைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். (யாழ்ப்பாணத்தார் முன்னூற்று நாலு என்று ஆடுவதும் இதே புள்ளிக் கணக்குதான். நான்கு ஜாதிச் சீட்டுகளின் புள்ளிகளையும் கூட்டிப் பாருங்கள், 304 வரும்.) எங்கள் பார்க்கில் போன வருடம் ஒரு டாக்சி டிரைவர் நின்று வேடிக்கை பார்த்தார், அரை மணி நேரத்தில் உட்கார்ந்துவிட்டார், ஒரு மணி நேரத்தில் திட்டும் வாங்கிவிட்டார்.

வேலை விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். திறந்த நெருப்புக்கு அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், கவுன்சிலர் வாயால் சொன்னது அன்று காலையில் வருகிற காவலாளிக்குத் தெரியாது. புல் கருகாமல் செங்கல்லுக்கு அடியில் மணல் கொட்டுங்கள். காய்ந்த விறகை முந்தின நாளே ஹாலில் வைத்துவிடுங்கள், ஹாலுக்கு அன்று அதுதான் வேலை. வருகிற கூட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அரிசி போடுங்கள்.

பார்க் வாசலில் ஒரு பலகை வையுங்கள். 1989 வரை நம் கடற்கரையில் நின்ற பலகை ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ், ஸூலு என்று மூன்று மொழியில், இங்கே குளிப்பது வெள்ளையருக்கு மட்டும் என்று சொன்னது. உங்கள் பலகையும் மூன்று மொழியில் இருக்கட்டும், ஸூலு, ஆங்கிலம், தமிழ்: சாப்பிட வாங்க. தமிழை வெர்னாக் பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள், பெரிய றகரம், சின்ன ரகரம் மாறினாலும் பரவாயில்லை.

தண்ணீர்க் குழாயும் கக்கூஸும் பூட்டித்தான் இருக்கும். சாவி யாரிடம் என்று இன்றைக்கே விசாரிக்கத் தொடங்குங்கள். எங்களுக்கு அது தெரிய இரண்டு வாரம் ஆனது. கடைசியில் அந்தப் பச்சைச் சீருடை அம்மாவின் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அன்புடன்,
அக்கா