சீலியாக் உள்ள மகளுடன் வடக்கே பயணம்: உணவகத்தில் எதைக் கேட்பது, எதைத் தவிர்ப்பது?

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. ஒன்றரை ஆண்டுகளுக்கு முன் ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் செய்து, அவளுக்குச் சீலியாக் நோய் என்று உறுதிசெய்தார்கள். அதன் பிறகு வீட்டில் கோதுமையே வாங்குவதில்லை. அவளும் நன்றாகத் தேறி, எடையும் உயரமும் கூடியிருக்கிறாள். வரும் காலாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு ரயிலில் டெல்லி, ஆக்ரா, அமிர்தசரஸ் செல்ல இருக்கிறோம். வெளியூர் உணவகங்களில் அவள் எதைச் சாப்பிடலாம்? 'துளி பட்டால் ஒன்றும் ஆகாது' என்று உறவினர்கள் சொல்வது சரிதானா? தவறிச் சாப்பிட்டுவிட்டால் என்ன மருந்து கொடுக்க வேண்டும்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உறவினர்கள் சொல்லும் அந்தத் 'துளி' எவ்வளவு என்று முதலில் கணக்குப் பார்த்துவிடுவோம். உணவகத்தில் எதைக் கேட்க வேண்டும் என்பது அந்தக் கணக்கிலிருந்தே விளங்கும்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் சீலியாக் நோயாளியின் குடலுக்குள் போனதும், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் கிளர்ந்தெழுந்து, சிறுகுடலின் உட்சுவரில் சத்துகளை உறிஞ்சிக்கொள்ளும் குடலுறிஞ்சிகளையே தாக்கிச் சிதைக்கிறது. சாதாரண பிரெட் துண்டு ஒன்றில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கும். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம், அதாவது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு, மூன்று மாதங்கள் தொடர்ந்து உள்ளே போனாலே குடலுறிஞ்சிகள் சேதமடைவதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குப் பாதிப்பு இராது என்பதே இன்று நாங்கள் பின்பற்றும் அளவு. எனவே பயணத்தில் ஒரு வேளை தவறிப் பட்டுவிட்டால் அதற்காக நீங்கள் கலங்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு வேளையும் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருப்பதை அலட்சியம் செய்யக் கூடாது. வயிற்றுவலியோ பேதியோ இல்லாவிட்டாலும் குடலில் சேதம் நடந்துகொண்டுதான் இருக்கும்.

இதற்கு நம் ஊர்ச் சாம்பாரையே எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவு அல்லது மைதா சேர்ப்பது வழக்கம். சில தயாரிப்புகளில் மட்டும் அரிசி மாவு சேர்க்கிறார்கள். ஒரு கிராம் பெருங்காயத் தூளில் பாதி கோதுமை மாவு என்று வைத்துக்கொண்டால், அந்த அரை கிராம் மாவில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். நால்வருக்கான சாம்பாரில் அதைப் போட்டால் ஆளுக்குப் பன்னிரண்டு மில்லிகிராம் வந்துவிடுகிறது. சப்பாத்தியோ பரோட்டாவோ தொடாமல், இட்லியும் சாம்பாரும் மட்டும் சாப்பிட்ட குழந்தைக்கு ஒரு நாள் வரம்பு அங்கேயே தாண்டிவிடுகிறது. ரத்தப் பரிசோதனையில், நோய் எதிர்ப்பு மண்டலம் உண்டாக்கும் எதிர்ப்பொருளின் அளவு இறங்கவே மாட்டேன் என்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது சமையலறையில் இருக்கும் பெருங்காய டப்பாவைத்தான். உங்கள் வீட்டு டப்பாவின் பின்புறத்தையும் இன்றே பார்த்துவிடுங்கள்; கோதுமை இருந்தால் அதை ஒவ்வாமை எச்சரிக்கையாக அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

ஆகவே உணவகத்தில் 'இதில் கோதுமை இருக்கிறதா?' என்று பொதுவாகக் கேட்டு, பரிமாறுபவர் 'இல்லை' என்று சொன்னதும் திருப்தி அடைந்துவிடாதீர்கள். அவர் பொய் சொல்வதில்லை. தட்டில் இருக்கும் பண்டத்தைப் பற்றித்தான் அவர் சொல்கிறார். நீங்கள் அறிய வேண்டியது அடுப்பங்கரையில் நடப்பது. தோசைக்கல்லில் சற்று முன் ரவா தோசை ஊற்றினார்களா, மாலையில் அதே கல்லில் பரோட்டா போடுகிறார்களா, மொறுமொறுப்புக்காகத் தோசை மாவில் ரவை கலக்கிறார்களா, வடை பொரிக்கும் எண்ணெயில்தான் பூரியும் பொரிகிறதா, குருமா கெட்டியாவதற்கு மைதா கரைத்து ஊற்றுகிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கல்லின் சூட்டிலோ கொதிக்கும் எண்ணெயிலோ குளூட்டன் அழிந்துபோகாது. தோசை சாப்பிட்டே தீர வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டால், கடை திறந்ததும் போய், கல்லைக் கழுவித் துடைத்து முதல் தோசையாக ஊற்றித் தரும்படி கேளுங்கள். கூட்டம் நெரியும் எட்டரை மணிக்குக் கேட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

ரயிலில் இரண்டு இரவுகள் கழியும் என்பதால் அந்த உணவை வீட்டிலிருந்து கொண்டுபோவதே நல்லது. முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் தாங்கும். இரண்டிலும் பெருங்காயம் போடுவோம் என்பதை மறக்க வேண்டாம். அடுத்த நாளுக்கு அவல், பொரி, கடலை மிட்டாய், வீட்டில் சுட்ட அரிசி முறுக்கு, வாழைப்பழம் ஆகியவை போதும். ரயில் உணவுப் பொட்டலத்தில் சோற்றின் பக்கத்திலேயே சப்பாத்தியை மடித்து வைத்திருப்பார்கள். சப்பாத்தியை எடுத்து வைத்துவிட்டுச் சோற்றை மட்டும் கொடுப்பதால் பயனில்லை. மூடிய கோப்பையில் வரும் தயிரும், ஓட்டோடு வாங்கும் அவித்த முட்டையும் பாதுகாப்பானவை. குழந்தைகள் ஹார்லிக்ஸ் கேட்பதுண்டு. அதில் கோதுமையும் மால்ட் செய்த பார்லியும் இருப்பதால் வேண்டாம், பால் போதும். சிறிய மின் குக்கர் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள், ஆனால் அது தங்கும் விடுதிக்கு மட்டுமே. ரயில் பெட்டியில் உள்ள மின் இணைப்பு கைப்பேசிக்கானது, அதில் குக்கரைச் செருகுவது ஆபத்து.

டெல்லியைப் பற்றி நீங்கள் அஞ்சும் அளவுக்கு நான் அஞ்சவில்லை. சீலியாக் நோய் தெற்கைவிட வடக்கில் மிகவும் அதிகம். அங்கே ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 'கெஹூன்' (கோதுமை) ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்று சொன்னால் அது என்ன கூத்து என்று விழிக்காதவர்களை நம் ஊரைவிட அங்கே கூடுதலாகப் பார்க்கலாம். ஆட்டா, மைதா, சூஜி (ரவை), தலியா (கோதுமை நொய்), ஜௌ (பார்லி) ஆகிய ஐந்தும் கூடாது என்று விடுதி வரவேற்பில் இருப்பவரிடம் இந்தியில் ஒரு தாளில் எழுதி வாங்கி, உணவகத்துக்கு உணவகம் அதையே காட்டுங்கள். மருத்துவப்படி இது ஒவ்வாமை அன்று என்றாலும், சமையற்காரரிடம் 'அலர்ஜி' என்றே சொல்லலாம். அவர் கவனமாக இருப்பதற்கு அந்தச் சொல் உதவும்.

அதைவிட நல்ல செய்தி ஒன்று உண்டு. உங்கள் காலாண்டு விடுமுறை நவராத்திரியை ஒட்டி வருவது வழக்கம். அந்த ஒன்பது நாள்களும் வடக்கே விரதம் இருப்பவர்கள் கோதுமையைத் தொடுவதில்லை என்பதால், டெல்லியின் பல உணவகங்களில் 'விரத் தாலி' என்று தனிச் சாப்பாடு கிடைக்கும். ஜவ்வரிசிக் கிச்சடி, உருளைக்கிழங்கு, பனீர், தயிர், சாமக் அரிசிச் சோறு என்று அதில் வருபவை பெரும்பாலும் இயல்பாகவே குளூட்டன் இல்லாதவை. சாமக் என்பது வேறொன்றுமில்லை, நம் குதிரைவாலிதான். குட்டு (பக்வீட்) மாவுப் பூரியை மட்டும் நான் தவிர்க்கச் சொல்வேன். குட்டு குளூட்டன் இல்லாத தானியமே என்றாலும், சில்லறையில் விற்கும் மாவில் கோதுமை கலப்பதுண்டு. பழைய மாவினால் பலருக்கு ஒரே நேரத்தில் வாந்தி பேதி வந்த செய்திகளும் நவராத்திரிக் காலத்தில் அடிக்கடி வருகின்றன.

விரதச் சாப்பாடு கிடைக்காத நாளில் வெறும் சோறு, தயிர், வீட்டுப் பொடி என்று முடித்துக்கொள்ளலாம். பருப்பு வாங்குவதானால் 'ஹிங்' (பெருங்காயம்) போடாமல் தாளித்துத் தரக் கேளுங்கள். தந்தூரிக் கோழியைப் பற்றியும் கேட்பார்கள்: 'நான்' என்னும் மைதா ரொட்டியைச் சுடும் அதே தந்தூர் அடுப்பில்தான் அதையும் சுடுகிறார்கள் என்பதால் வேண்டாம். ஆலு டிக்கி உருண்டை பிடிக்கப் பிரெட் தூள் சேர்ப்பதுண்டு. கோல்கப்பா (பானிபூரி) ரவையாலோ ஆட்டாவாலோ ஆனது. ஜிலேபியும் குலாப் ஜாமூனும் மைதா. மக்காச்சோள ரொட்டி பெயரளவில் சரியானதே, ஆனால் கோதுமை ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும் அதே தவாவில், மாவு படிந்த அதே பலகையில் தட்டியது என்றால் பயனில்லை. வீட்டு ஏக்கத்தில் தென்னிந்திய உணவகத்துக்குள் நுழைந்தால் அங்கேயும் இட்லி அரிசியா ரவையா என்று கேட்டுவிட்டே உட்காருங்கள். விடுதியின் காலை உணவில் பால் ஊற்றிச் சாப்பிடும் கார்ன்ஃப்ளேக்ஸ் சோளம்தானே என்று கொடுத்துவிட வேண்டாம். அதில் பார்லி மால்ட் சாறு சேர்ப்பது வழக்கம்.

உணவுப் பட்டியலில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட்டிருந்தால் நம்பலாமா என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் அப்படி எழுத வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்று இந்திய விதி சொல்கிறது. அப்படிப்பட்ட உணவை நாள் முழுதும் அரைக் கிலோ சாப்பிட்டாலும் 10 மில்லிகிராமைத் தாண்டாது. உணவகத் தட்டை யாரும் அவ்வாறு அளந்து வைப்பதில்லை. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட உணவகங்கள் ஒவ்வாமை தரும் பொருள்களின் விவரத்தை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருப்பதால் அதைக் கேட்டு வாங்கலாம். இருந்தாலும் கல், எண்ணெய், கரண்டி பற்றிய கேள்விகளை விட்டுவிடாதீர்கள்.

ஆக்ராவில் உங்கள் மகளுக்கு ஒரு குறையும் இராது: அவ்வூர்ப் புகழ்பெற்ற வெள்ளைப் பேட்டா, பூசணிக்காயும் சர்க்கரையும் மட்டுமே. அமிர்தசரஸில்தான் முன்கூட்டியே குழந்தையிடம் பேசி வைக்க வேண்டும். பொற்கோவிலில் இரு கைகளையும் ஏந்தி வாங்கும் கடா பிரசாதம், கோதுமை மாவை நெய்யில் வறுத்துச் சர்க்கரை சேர்த்துக் கிண்டியது. மகள் பக்தியோடு கையேந்தி வாங்கிக்கொள்ளட்டும், அப்படியே அதை உங்கள் கைக்கு மாற்றிவிட்டு உடனே சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். தோலில் படுவதால் தீங்கில்லை, விரலில் ஒட்டியது வாய்க்குப் போகக் கூடாது. லங்கர் என்னும் பொது உணவுக்கூடத்தில் பந்தி நெடுகச் சப்பாத்தி கொடுத்துக்கொண்டே வருவார்கள்; அங்கே அவள் உங்களோடு உட்காரலாம், சாப்பாடு மட்டும் விடுதி அறைக் குக்கரில் வைத்த சோறாக இருக்கட்டும்.

இனி, தவறிச் சாப்பிட்டுவிட்டால். குளூட்டனை முறிக்கும் மருந்து என்று எதுவும் இல்லை. அதைச் செரிக்கவைக்கும் என்று விற்கப்படும் நொதி மாத்திரைகளை நம்பிக் கோதுமை கொடுக்கக் கூடாது. விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்கவும் வேண்டாம். சிலருக்கு ஓரிரு மணி நேரத்திலேயே வாந்தியும் வயிற்று உப்புசமும், பிறகு பேதியும் வந்து ஒரு சில நாள்களில் தணியும்; உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, சோறும் தயிருமாகப் பார்த்துக்கொண்டால் போதும். பயணத்தில் வரும் எல்லா வயிற்றுப்போக்கையும் குளூட்டன் தலையில் கட்டிவிடாதீர்கள். காய்ச்சல் இருந்தாலோ, மலத்தில் ரத்தம் தென்பட்டாலோ, குழந்தை சோர்ந்து சிறுநீர் குறைந்தாலோ அது பெரும்பாலும் தண்ணீராலோ கெட்ட உணவாலோ வந்த தொற்று. அங்கேயே மருத்துவரைப் பாருங்கள். உதடு வீங்குவதும் மூச்சுத் திணறுவதும் சீலியாக் நோயின் குறிகள் அல்ல. அவை கடுமையான ஒவ்வாமையைக் காட்டுபவை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நோயின் பெயரும் அவள் எடையும் எழுதிய மருத்துவர் கடிதம் ஒன்றைக் கைப்பையில் வைத்திருப்பது அப்போது உதவும்.

ஊர் திரும்பியதும் எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். ஒரு வேளை தவறிச் சாப்பிட்டதை அந்தப் பரிசோதனை பெரும்பாலும் காட்டாது. வீணாக ஊசி குத்தியதுதான் மிஞ்சும். உங்கள் மருத்துவர் குறித்துக் கொடுத்த அடுத்த தேதியில், இரும்புச்சத்து, வைட்டமின் டி பரிசோதனைகளோடு சேர்த்து அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.