நிலவேம்பு செழித்து வளர்ந்தும் ஆய்வில் சத்து குறைவது ஏன்?

கேள்வி: நிலவேம்பு கருகருவென்று செழித்திருந்தது. இரண்டு முறை யூரியா மேலுரம் கொடுத்தோம். காய் முற்றியதும் அடியோடு அறுத்து, வெயிலில் காயவைத்து அனுப்பினோம். ஆன்ட்ரோகிராபோலைடு 1 சதவீதம்கூட இல்லை என்று சரக்கு திரும்பி வந்துவிட்டது. மண்ணில் ஏதும் குறையா?

பதில்: மண்ணைச் சந்தேகிக்கும் முன் அறுவடை நாளைப் பாருங்கள். நிலவேம்பின் கசப்புச் சத்தான ஆன்ட்ரோகிராபோலைடு பெரும்பாலும் இலையில்தான் இருக்கிறது. தண்டில் மிகக் குறைவு. பூ எடுக்கத் தொடங்கும்போது இலையில் அது உச்சத்தில் இருக்கும். காய் பிடித்து முற்ற முற்ற, சத்தும் இறங்கும், இலையும் உதிரும். நீங்கள் அறுத்தபோது செடியில் மிஞ்சியது பெரும்பாலும் தண்டு.

ஒரு கணக்குக்கு இலையில் 2.2, தண்டில் 0.3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் பாதிப்பாதி இருந்தால் மொத்தச் சரக்கில் 1.25 வரும். காய் முற்றிய செடியில் இலை 1.5 ஆக இறங்கி, எடையில் 30 சதவீதமே இருந்தால் 0.66தான். உங்கள் சரக்கு திரும்பியதற்கு இதுவே போதுமான காரணம்.

அடுத்தது யூரியா. அது தருவது தழைச்சத்து (நைட்ரஜன்). ஆனால் ஆன்ட்ரோகிராபோலைடில் தழைச்சத்து கிடையாது; கரிமம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே. தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையைப் பெருக்கும், சத்து அதே வேகத்தில் பெருகாது. கருகரு இலையைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். அதற்காக உரத்தை அடியோடு நிறுத்திவிட வேண்டாம். உரமிட்டு விளைந்த 1,000 கிலோவில் 2 சதவீதம் என்றால் 20 கிலோ சத்து. உரமின்றி விளைந்த 600 கிலோவில் 2.5 சதவீதம் என்றாலும் 15 கிலோதான். அடியுரமாகத் தொழுவுரம் இட்டு, மேலுரத்தை மண் பரிசோதனைப்படி அளவோடு, பூ எடுக்கும் முன்பே முடித்துவிடுங்கள். (நித்தியகல்யாணியில் கதை வேறு. அதன் ஆல்கலாய்டுகளில் தழைச்சத்து உண்டு, உரம் கொடுத்தால் அவையும் கூடும்.)

தண்ணீரை அறுவடைக்குச் சில நாள் முன்பு நிறுத்தலாம். லேசான வறட்சி போதும். இலை உதிரும் அளவுக்கு வாடவிட்டால் போவது சரக்குதான்.

மொட்டுவிட்டு முதல் பூக்கள் தெரியும்போது, தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. விட்டு அறுங்கள். விதைக்கு ஒரு பாத்தியைத் தனியே விட்டால் போதும். அறுத்ததைக் குவித்து வைக்காதீர்கள்; சில மணி நேரத்தில் உள்ளே சூடேறி இலை கறுத்துவிடும். நிழலில், காற்றோட்டமாக, மெல்லியதாகப் பரப்பிப் புரட்டிவிடுங்கள். உலர்த்தும் இயந்திரம் இருந்தால் அதன் சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. இலை கையில் நொறுங்கி, தண்டு டக்கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. ஈரம் புகாமல் இருட்டில் வையுங்கள். மாதங்கள் செல்லச் செல்லச் சத்து குறையும் என்பதால் அடுத்த அறுவடை வரை தேக்க வேண்டாம்.

நாக்கில் வைத்துக் கசப்பைப் பார்ப்பது பயனில்லை. 1 சதவீதமும் 2 சதவீதமும் ஒரே மாதிரிதான் கசக்கும். அடுத்த முறை சரக்கை அனுப்பும் முன், பல மூட்டைகளின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுத்துக் கலந்த மாதிரியை ஆய்வுக்குக் கொடுங்கள். இலையை மட்டும் தனியே ஒரு மாதிரியாகவும் கொடுங்கள். இலையிலும் சத்து குறைந்தால் மட்டும் விதையை மாற்றிப் பார்க்கலாம்.