சமன்பாட்டைத் தீர்க்க வருகிறது, ஆனால் விலை, எண்ணிக்கை என்று வார்த்தைக் கணக்கு வந்தால் சமன்பாடு அமைக்கவே வரவில்லை. என்ன செய்வது?

நீங்கள் ஏதோ தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பக்கத்தில் யாராவது "இதுகூடவா வரலை?" என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வியை நானும் நிறைய வாங்கியிருக்கிறேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையில் எனக்கு வந்த கணக்கு இது. நோட்டும் பேனாவுமாக மொத்தம் 20 வாங்கினார்கள். ஒரு நோட்டு 12, ஒரு பேனா 5. மொத்தச் செலவு 156. எத்தனை நோட்டு, எத்தனை பேனா? முதல் எழுத்தையே குறியாக வைத்துக்கொண்டால் குழப்பம் வராது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நானும் ந = நோட்டு, ப = பேனா என்று வைத்துக்கொண்டு இப்படி எழுதினேன்:

ந + ப = 156
12ந + 5ப = 20

சிரிக்காதீர்கள். இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். "நோட்டும் பேனாவும் சேர்ந்து 156." சரிதானே? "12 விலை நோட்டும் 5 விலை பேனாவும் சேர்ந்து 20." அதுவும் சரிதான். தமிழ் வாக்கியமாக ஒரு குறையும் இல்லை. அதை வைத்துக்கொண்டு ஒரு படிகூடப் பிசகாமல் தீர்த்தேன். நோட்டின் எண்ணிக்கை மைனஸ் 108-க்கும் கீழே, பின்னத்தோடு வந்து நின்றது. எங்கே தப்பு என்று தெரியாமல் நேரம் முடியும் வரை கழித்தலையே திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

விடைத்தாள் திரும்பி வந்தபோது குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, கீழே "யோசித்து எழுதவும்". நான் யோசித்துத்தான் எழுதியிருந்தேன். என்ன யோசித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டது எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ந-ன்னா என்ன?" என்றார்.

"நோட்டு."

"நோட்டுன்னா? அட்டையா, தாளா?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் விடவில்லை. "எத்தனை நோட்டுங்கிறதா, ஒரு நோட்டு என்ன விலைங்கிறதா, எல்லா நோட்டுக்கும் ஆன காசா? ஏதாவது ஒண்ணுதான் இருக்க முடியும். நீ மேல ஒண்ணு வச்சிருக்க, கீழ ஒண்ணு வச்சிருக்க."

தாளை மறுபடி பார்த்தேன். உண்மைதான். முதல் வரியில் என் ந என்பது நோட்டுக்கு ஆன காசு. இரண்டாவது வரியில் அது நோட்டு என்ற பொருள், பக்கத்தில் இருக்கும் 12 அதன்மேல் ஒட்டிய விலைச்சீட்டு. எழுத்து ஒன்று, ஆள் இரண்டு.

அன்றிலிருந்து "ந = நோட்டு" என்று நான் எழுதுவதே இல்லை. "ந = வாங்கிய நோட்டுகளின் எண்ணிக்கை" என்று முழு வரியாக எழுதுவேன். அப்புறம் ஒவ்வொரு உறுப்பையும் தொட்டு, இது காசா, எண்ணிக்கையா என்று கேட்பேன். 12 × ந காசு, 5 × ப காசு, அப்படியானால் வலது பக்கமும் காசாகத்தான் இருக்க வேண்டும்: 156. ந எண்ணிக்கை, ப எண்ணிக்கை, அவற்றின் கூட்டல் 20. அவ்வளவுதான். 8 நோட்டு, 12 பேனா.

இதை என் ஒருத்தியின் மந்தம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்தில் டீட்மார் குகெமான் செய்து 1981இல் வெளியான ஆய்வில், பள்ளி மாணவர்களுக்கு இதே வகைக் கணக்கு ஒன்று இருந்தது. நீலப் பென்சில் 5 பென்ஸ், சிவப்பு 6 பென்ஸ், மொத்தம் 90 பென்ஸ். எண்ணிக்கைகளுக்கு எழுத்து கொடுத்துச் சமன்பாடு எழுதச் சொன்னார்கள். பலர் "நீலம் + சிவப்பு = 90" என்றே எழுதினார்கள். இன்னும் சிலர் 6 நீலம், 10 சிவப்பு என்று பொருந்தும் விடையையே கண்டுபிடித்துவிட்டு, "6நீ + 10சி = 90" என்று எழுதினார்கள். கணக்குத் தெரிந்த பிள்ளைகள்தான். எழுத்தைப் பொருளாகப் படித்துவிட்டார்கள்.

எது தெரியாதது என்பதும் கணக்குக்குக் கணக்கு மாறும், அதையும் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டில் மகாவீரர் என்ற கணித அறிஞர் எழுதிய கணித சார சங்கிரகம் என்ற நூலில் ஒரு கணக்கு: ஒரு வகைப் பழம் 9, இன்னொரு வகை 7, சேர்ந்து விலை 107. முதல் வகை 7, இரண்டாவது 9 என்றால் 101. இங்கே எண்ணிக்கை கையில் இருக்கிறது, தெரியாதது ஒரு பழத்தின் விலை. இரண்டு வரியையும் கூட்டினால் 16, 16 என்று ஒரே எண்ணாகி, மொத்தம் 208; அதை 16-ஆல் வகுத்தால் இரண்டு விலையும் சேர்ந்து 13 என்று வரும். கழித்தால் வித்தியாசத்தின் இரண்டு மடங்கு 6, அதாவது வித்தியாசம் 3. ஆக 8, 5. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு.

எக்ஸ் இல்லாமலும் போடலாமே என்று சிலர் வருவார்கள். தாராளமாகப் போடலாம். என் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், இருபதும் பேனா என்றால் 100. குறைவது 56. ஒரு பேனாவை நோட்டாக மாற்றினால் 7 கூடும், ஆக 8 நோட்டு. அடுத்த பரீட்சையில் வேறொரு கணக்கை இந்த வழியில்தான் போட்டேன், விடை சரி, பாதி மதிப்பெண். "சமன்பாடு இல்லை" என்று ஓரத்தில் எழுதியிருந்தது. கேள்வியில் சமன்பாடு மூலம் என்ற சொல்லே கிடையாது. சமன்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் சரியாக யோசித்த பிள்ளையின் மதிப்பெண்ணை வெட்டியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது நான் கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறேன். ஒருமுறை பட்டியல் ஒன்று வந்தது, நிரலின் தலைப்பில் பொருளின் பெயர் மட்டும். அதன் கீழே இருந்த எண் விலையா, எண்ணிக்கையா என்று எழுதவில்லை. விலையை எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டு ஆர்டர் போய்விட்டது. திட்டு வாங்கியது தட்டச்சு செய்த புதுப் பையன், தலைப்பு எழுதியவர் இல்லை. நான் பேசிப் பார்த்தேன், எடுபடவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடைசியாகத் தப்பாகப் போட்ட கணக்கை எடுங்கள். சமன்பாட்டைத் தொடாதீர்கள். அதற்கு மேலே நீங்கள் வைத்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று எழுதிய வரியைப் பாருங்கள். அதில் "எண்ணிக்கை" அல்லது "விலை" என்ற சொல் இருக்கிறதா?