மண்டலத்தில் ஜெயிக்கிறோம், தேசியப் போட்டியில் ஏன் தோற்கிறோம்? இளையோர் ஃபுட்சால்: கேள்வி பதில்

கேள்வி: ஃபுட்சாலில் (அணிக்கு ஐவர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்து) எங்கள் 15 வயதுக்குட்பட்டோர் அணி மண்டலத்தில் ஐந்தாறு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்கிறது. தேசியப் போட்டியில் முதல் சுற்றோடு சரி. எங்கே குறை, சார்?

அந்த ஐந்தாறு கோல் வித்தியாசத்தில்தான். மண்டலத்தில் உங்கள் பையன் பந்தை வாங்கி, நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, பிறகு கொடுக்கிறான். தேசியப் போட்டியில் பந்தோடு சேர்ந்தே எதிராளியும் வந்துவிடுகிறான். திறமை இருக்கிறது, அதைக் காட்ட நேரம்தான் கிடைப்பதில்லை. இரண்டு வயது மூத்தவர்களோடு வாரம் ஒருமுறையாவது ஆடுங்கள். அதற்கு வழியில்லையென்றால் உங்கள் முதல் அணியை ஓர் ஆள் குறைவாக ஆடவிடுங்கள், அல்லது ஒருவருக்கு இரண்டே தொடுகை என்று வையுங்கள். ஜெயிப்பது கஷ்டமாக இருக்கும் ஆட்டங்கள்தான் பயிற்சி.

கேள்வி: சாதாரண கால்பந்திலேயே பயிற்சி செய்யலாமா?

வேண்டாம். ஃபுட்சால் பந்து 4-ஆம் எண். சுற்றளவு 62 முதல் 64 செ.மீ., எடை 400 முதல் 440 கிராம். 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் முதல் துள்ளல் 50 முதல் 65 செ.மீ.தான். துள்ளும் பந்தில் பழகிய கால், தரையோடு வரும் பந்தை உள்ளங்காலால் அமுக்கி நிறுத்தப் பழகாது.

கேள்வி: எதிரணி எங்கள் பாதிக்குள்ளேயே வந்து நெருக்கினால் பந்தை வெளியே கொண்டுவர முடியவில்லை. என்ன செய்வது, அண்ணா?

தம்பி, தேசியப் போட்டியில் அதிகம் தோற்பது இந்த இடத்தில்தான். நடப்பதைக் கவனியுங்கள். கீப்பர் பந்தை உருட்டுகிறார். பக்க ஆட்டக்காரர் கோட்டை ஒட்டி நின்று, கோட்டைப் பார்த்தபடியே வாங்குகிறார். முதல் தொடுகை கோட்டுப் பக்கம் போகிறது. ஒரு தடுப்பாளர் வந்து மறித்தால் போதும், மிச்ச வேலையைக் கோடு செய்துவிடும். கீப்பருக்கே திருப்பிக் கொடுக்கலாமென்றால், எதிராளி பந்தைத் தொடாதவரை கீப்பர் தன் பாதியில் அதை மறுபடி தொடக் கூடாது. தொட்டால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக்.

திருத்த வேண்டியது உடல் திசையை. முதுகு பக்கக் கோட்டைப் பார்க்க நிற்க வேண்டும். பந்து வருவதற்கு முன்பே ஒருமுறை தோளுக்கு மேல் பார்க்க வேண்டும். பந்திலிருந்து தூரத்தில் இருக்கும் காலின் உள்ளங்காலால் வாங்க வேண்டும். கொடுத்தவர் நின்ற இடத்திலேயே நிற்காமல் உடனே தடுப்பாளரின் முதுகுப் பக்கம் ஓட வேண்டும். பிவட் (எதிரணிக் கோல் பக்கம் முன்னால் நிற்கும் ஆட்டக்காரர்) பந்து வாங்க இறங்கி வந்தால் அவர் காலி செய்த இடத்துக்குள் இன்னொருவர் போக வேண்டும். இல்லையென்றால் இறங்கியவர் தன்னோடு ஒரு தடுப்பாளரைக் கூட்டி வந்ததுதான் மிச்சம்.

பயிற்சி: கீப்பரோடு நாலு பேர், எதிரே நாலு பேர். கீப்பரிடம் பந்து வந்ததும் ஒருவர் சத்தமாக நாலு வரை எண்ணட்டும், விதியும் 4 விநாடிதான். அடுத்த 8 விநாடிக்குள் பந்து காலோடு பாதிக்கோட்டைத் தாண்டினால் ஒரு புள்ளி. பத்துக்கு ஏழு வரும்வரை வாரம் இரண்டு நாள். தூக்கி அடித்துத் தாண்டுவது கணக்கில்லை.

கேள்வி: இரண்டாம் பாதியில் பிள்ளைகள் சோர்ந்துவிடுகிறார்கள். ஓட்டப் பயிற்சியைக் கூட்டலாமா?

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். உள்ளூரில் நிற்காமல் ஓடும் கடிகாரத்தில் ஆடியிருப்பீர்கள். முறையான ஆட்டத்தில் பந்து வெளியே போனால் கடிகாரமும் நிற்கும். பாதிக்கு 20 நிமிடம் என்றால் உண்மையில் அது அரை மணியைத் தாண்டிவிடும். (இளையோருக்கு நேரம் குறைத்திருக்கலாம், போட்டி விதிகளைப் படித்துவிடுங்கள்.) ஆகவே பயிற்சி ஆட்டத்திலும் கடிகாரத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் நாலு பேர் கொண்ட இரண்டு குழுவாகப் பிரித்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சோர்ந்த பிறகு மாற்றினால் தாமதம். வெளியே வருபவர் கோட்டைத் தாண்டும் முன் அடுத்தவர் உள்ளே கால் வைத்தால் மஞ்சள் அட்டை. இதையும் பயிற்சியில் செய்து பழகுங்கள்.

கேள்வி: ஃபவுல் கணக்கில் மாட்டிக்கொள்கிறோம்.

ஒரு பாதியில் ஓர் அணியின் ஆறாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு, தடுப்புச் சுவர் இல்லாத நேரடி உதை, 10 மீட்டர் புள்ளியிலிருந்தோ இன்னும் அருகிலிருந்தோ. இரண்டாம் பாதிக் கணக்கு கூடுதல் நேரத்திலும் தொடரும். பெரும்பாலும் காரணம் முரட்டுத்தனம் இல்லை. ஒரு அடி தாமதமாக வந்து, எட்டாத பந்துக்குக் காலை நீட்டுவதுதான். பயிற்சி ஆட்டத்தை "ஏற்கெனவே நாலு ஃபவுல்" என்ற கணக்கில் தொடங்கிப் பாருங்கள். பிள்ளைகள் காலை நீட்டாமல் நின்று மறிக்கத் தாமாகவே கற்றுக்கொள்வார்கள்.

கேள்வி: தேர்வில் உயரமான பையன்களை எடுப்பதா, சிறியவர்களையா?

உயரத்தைப் பார்ப்பதற்கு முன் பிறந்த மாதத்தைப் பாருங்கள். வயது வரம்பில் பத்து மாதம் மூத்தவன் இன்று பலசாலியாகத் தெரிவான். அணி முழுக்க அப்படிப்பட்டவர்களே இருந்தால், பந்தைப் புரிந்து ஆடும் ஒரு சின்னப் பையனை நீங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

கேள்வி: ஒரு கோல் பின்தங்கியிருந்தால் பவர் ப்ளே எப்போது?

பவர் ப்ளே என்றால் கீப்பருக்குப் பதில் ஐந்தாவது ஆட்டக்காரரை இறக்கித் தாக்குவது. கடைசி மூன்று நாலு நிமிடத்தில், அதுவும் வாரம் 15 நிமிடமாவது பழகியிருந்தால் மட்டும். பழகாத அணி பதறிப்போய்த் தூரத்திலிருந்து அடிக்கும், தடுக்கப்பட்ட பந்து காலி கோலுக்குள் போகும். ஐவரும் பந்தைப் பொறுமையாகச் சுற்றி, கோலின் தூரத்துத் தூண் அருகே ஆள் தனியாக நிற்கும்வரை அடிக்கக் கூடாது. உள்ளே வரும் ஐந்தாவது ஆள் கீப்பர் நிறச் சட்டையில், தன் சொந்த எண்ணோடு வர வேண்டும். அந்தச் சட்டையை ஊரிலேயே தைத்து, பையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.