பேருந்துகளுக்குத் தனித்தடம் போட்டால் ஊருக்கு லாபமா, நஷ்டமா? எப்படிக் கணக்குப் பார்ப்பது?

செலவுப் பக்கம் எளிது: தடம், நிலையங்கள், பேருந்துகள், பராமரிப்பு, அப்புறம் கட்டுமானக் காலத்து நெரிசல். கிலோமீட்டருக்கு ஆகும் பணம் மெட்ரோவை விட மிகக் குறைவு.

வரவுப் பக்கத்தில்தான் சண்டையே. பெரும்பங்கு, பயணிகளுக்கு மிச்சமாகும் நேரம். அதை வண்டிக்கு இவ்வளவு என்று எண்ணுகிறோமா, ஆளுக்கு இவ்வளவு என்று எண்ணுகிறோமா என்பதில் விடையே தலைகீழாகிவிடும்.

டெல்லியில் 2008-ல் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குத் தனித்தடம் திறந்தார்கள். கார்கள் சிக்னலில் நீண்ட வரிசையில் நின்றன. வண்டிகளை எண்ணியவர்களுக்கு அது நஷ்டம். ஆனால் ஒரு பேருந்தில் ஐம்பது அறுபது பேர் போகிறார்கள், காரில் ஒருவரோ இருவரோ. ஆட்களை எண்ணுவதுதான் நியாயம் என்பது என் உறுதியான கருத்து. தடத்தை எதிர்த்த வழக்கை 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. இருந்தும் 2016-ல் அதைப் பெயர்த்துவிட்டார்கள்.

அந்தத் தடத்திலும் குறை இருந்தது. இவ்வளவு குறுகிய தூரத்தில், நீண்ட பயணம் போகிறவருக்கு மிச்சமாவது சில நிமிடங்கள்தான். கொலம்பியாவின் போகோட்டாவில் 2000-ல் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ என்ற பேருந்துத் தனித்தட அமைப்பு ஊர் முழுக்க வலையாக விரிந்தது, நிலையத்திலேயே கட்டணம் வாங்கியது, பலன் பெருகியது. ஆனால் அங்கே உச்ச நேரத்தில் பேருந்துகளில் கூட்ட நெரிசல் கடுமையானது, அதையும் செலவில் சேர்க்க வேண்டும்.

சரி, திட்ட அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் ஒன்றைப் பாருங்கள்: நேரத்துக்கு விலை எப்படிப் போட்டிருக்கிறார்கள்? சம்பளத்தை வைத்துப் போட்டிருந்தால், கூலி வேலைக்குப் போகிறவரின் ஒரு மணி நேரம் கார்க்காரருடையதை விட மலிவாகியிருக்கும். எல்லோருக்கும் ஒரே விலை போட்டு மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள்.