வசந்தம் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால் காட்டு வான்கோழி வேட்டை கெட்டுப்போகுமா?

கெட்டுப்போகாது, ஆனால் பழைய கணக்கு எதுவும் செல்லாது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கே, மேடும் பள்ளத்தாக்குமாகக் கிடக்கும் வெர்னன் கவுண்டியில், 2011-லிருந்து பக்கத்துப் பால்பண்ணைக்காரர் ஒருவரோடு போய்வருகிறேன், அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். (இங்கே ஒரு காலத்தில் வான்கோழி முற்றிலும் அழிந்துபோயிருந்தது. 1976-ல் மிசௌரியிலிருந்து பிடித்து வந்து இதே கவுண்டியில் விட்டார்கள், பதிலுக்கு இங்கிருந்து கிரவுஸ் என்ற காட்டுக்கோழி வகைப் பறவைகள் அங்கே போயின. நல்ல பண்டமாற்று.) தெற்கே ஜார்ஜியாவிலோ டெக்சாஸிலோ சுடுபவர்களுக்குக் கதை வேறாக இருக்கும்.

மார்ச்சில் நாலு நாள் வெயில் அடித்தால் போதும், "எல்லாம் முன்னாடியே ஜோடி சேர்ந்து முடிச்சிரும், நமக்கு ஒண்ணும் மிஞ்சாது" என்று ஆளாளுக்குப் புலம்ப ஆரம்பித்துவிடுவார்கள். அவ்வளவு எளிதாக அது நடக்காது. வான்கோழிக்கு இனச்சேர்க்கை எண்ணத்தைத் தருவது முக்கியமாகப் பகல் நீள்வதுதான், வெயில் அதைச் சில நாள் முன்னே தள்ளும், குளிர் சில நாள் பின்னே இழுக்கும். 2012 மார்ச் நினைவிருக்கிறதா? அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் அதுவரை பதிவானதிலேயே சூடான மார்ச் அது, பனியில் நடக்கவேண்டிய நாட்களில் டீ-சர்ட்டோடு திரிந்தோம். ஆப்பிள் மரங்கள் அந்த வெயிலை நம்பி அவசரமாகப் பூத்து, ஏப்ரல் உறைபனியில் கருகின, மிச்சிகனில் அந்த வருட விளைச்சலே கிட்டத்தட்டப் போய்விட்டது. வான்கோழி அப்படி ஏமாறவில்லை. ஏப்ரலில் சேவல்கள் வழக்கம்போலத்தான் தோகை விரித்துக்கொண்டு நின்றன.

ஆனால் அந்தச் "சில நாள்" எங்களுக்கு முக்கியம். விஸ்கான்சினில் வசந்த வேட்டையை ஏழேழு நாளாக ஆறு தவணையாகப் பிரித்திருக்கிறார்கள், எந்தத் தவணை வேண்டும் என்று டிசம்பர் 10-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். வெளியே பனி கொட்டும்போது அடுத்த மே மாதம் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பெட்டை நாளுக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டுவிட்டு, 28 நாள் அடைகாக்கும். பெட்டைகள் கூடவே திரியும்வரை சேவலுக்கு நம் குரல் எதற்கு, கத்தாமல் கொள்ளாமல் அவற்றின் பின்னாலேயே போய்விடும். அவை அடையில் உட்கார்ந்தபின்தான் சேவல் தனியாகி மறுபடி கத்த ஆரம்பிக்கும், நாம் மரப்பெட்டியை உரசி எழுப்பும் போலிப் பெட்டைக் குரலுக்கும் ஓடிவரும். சூடான வருடங்களில் அந்த இரண்டாவது ஆட்டம் எங்கள் பக்கம் கொஞ்சம் முன்னதாகவே தொடங்கிவிடுவதாகத்தான் எனக்குப் படுகிறது.

அதைவிடப் பெரிய மாற்றம் இலை. முதல் தவணையில் வழக்கமாக மரமெல்லாம் மொட்டையாக இருக்கும், எதிர் மேட்டில் பறவை நகர்ந்தாலே தெரியும். 2012-ல் அதே தேதிக்குக் கீழ்ப்புதர் எல்லாம் பச்சை கட்டிவிட்டது. விடியற்காலையில் ஒரு சேவல் கத்தியது, சத்தம் மங்கலாக, அடுத்த மேட்டுக்கு அப்பால் இருந்து வருவதுபோல இருந்தது. சரி, கிட்டே போகலாம் என்று எழுந்து இருபது அடி நடந்திருப்பேன், கண்ணெதிரே இருந்த சரிவிலிருந்தே தடதடவென்று இறக்கையடித்துப் பறந்தது! இலை சத்தத்தை விழுங்கிவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பண்ணைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்தார். இப்போதெல்லாம் பச்சை வந்துவிட்டால், தூரம் என்று காது சொல்வதில் பாதியைத்தான் நம்புகிறேன், உடனே ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன்.

இலையில் நன்மையும் உண்டு, நாமும் மறைந்து கிட்டே போகலாம். ஆபத்தும் உண்டு. சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருக்கும், அதனால் அந்த மூன்று நிறத்தில் கைக்குட்டைகூடக் கொண்டுபோகாதீர்கள். இலை இடுக்கில் நிறம் தெரிந்ததும் சுட்டுவிடுகிற மடையன் எந்தக் காட்டிலும் ஒருவன் இருப்பான். வசந்தத்தில் சேவலையோ மார்பில் தாடி தொங்கும் பெட்டையையோதான் சுடலாம் என்பதால், தாடியைக் கண்ணால் பார்க்காமல் விசையில் விரல் வைப்பதே தப்பு.

இன்னொன்று, பனி சீக்கிரம் போனால் குளிர்காலக் கூட்டமும் சீக்கிரம் கலைந்துவிடும். பிப்ரவரியில் மாட்டுத்தீவனக் குவியலைச் சுற்றி ஐம்பது அறுபது மேய்வதைப் பார்த்துவிட்டு அங்கேயே போய் உட்கார்ந்தால், உங்களுக்குத் துணை மாடுகள்தான். வெயில் ஏறினால் கத்தலும் சீக்கிரம் அடங்கிவிடும். பறவைக்கு வியர்க்காது, அலகைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டு ஓடையோர நிழலில் நிற்கும். அப்போது அங்கேதான் தேட வேண்டும், வெட்டவெளியில் இல்லை.

அப்புறம் உண்ணி. இதமான வசந்தத்தில் மார்ச்சிலேயே ஏறத் தொடங்கிவிடும், உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் இங்கே சாதாரணம். பேன்ட்டை சாக்ஸுக்குள் திணித்துக்கொள்ளுங்கள், துணிக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்துக் காயவைத்துப் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் முட்டிக்குப் பின்னால் பாருங்கள்.

இந்த வருடக் குஞ்சுகளுக்கு வெயில் நல்லதுதான், ஜூனில் குளிர்மழை பிடித்தால் இறகு முளைக்காத குஞ்சுகள் நனைந்து விறைத்துச் செத்துவிடும். உலர்ந்த வசந்தத்தின் பலன் இரண்டு வருடம் கழித்துத்தான் காதில் விழும், அதிகம் கத்துவது இரண்டு வயதுச் சேவல்கள்தான்.

டிசம்பரில் தவணையைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்றால், மிச்சமிருக்கும் பெர்மிட்டுகளை மார்ச்சில் விற்பார்கள், அதற்குள் வானிலை ஓரளவு புரிந்துவிடும், இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியில் ஐஸ் பெட்டி கட்டாயம். வெயிலில் கறி சீக்கிரம் கெட்டுவிடும், சுட்ட இடத்திலேயே குடலை எடுத்துவிடுங்கள். பலர் நெஞ்சுக்கறியை மட்டும் அறுத்துக்கொள்வார்கள், காலை யாரும் சீண்டுவதில்லை, அது எனக்கு வந்துவிடும். மிளகுக் குழம்புக்கு அருமையாக இருக்கும், ஆனால் குக்கரில் ஏழெட்டு விசிலாவது விட வேண்டும்.